பேட்டரிக்கும் ஒரு பங்கு

(சீர்காழியில் நடந்த மருத்துவமனை ஆதரவாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை, சற்றே சுருக்கித் தரப்படுகிறது.)



எனக்குக் கொடுக்கப்பட்ட பொருள், "தொண்டு நிறுவனங்களில் சூரிய மின்சாரம் அமைக்க நிதி உதவி" என்பதாகும். யாரிடம் மனு செய்யலாம், எவ்வளவு கிடைக்கும் என்று அறிந்துகொள்ளத்தான் உங்களில் பலர் வந்திருப்பீர்கள். அதைக் குறித்தும் சொல்லுகிறேன். அதோடு இன்னொரு காரியத்தையும் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். ஆஸ்பத்திரிக் கூரையில் சோலார் பேனல் ஏறி, ரிப்பன் வெட்டி, கல்வெட்டும் திறந்தாகிவிட்டால், கொடுத்தவர்களுடைய பொறுப்பு அத்துடன் முடிந்துவிடுகிறதா? இதைத்தான் நாம் இன்று யோசிக்க வேண்டும்.

முதலாவது, நம்முடைய ஊரைப் பாருங்கள். வடக்கே கொள்ளிடம், கிழக்கே கடல், நடுவே தாழ்ந்த நெல்வயல். வடகிழக்குப் பருவமழை வந்தால் தண்ணீர் வடிய வழியில்லாமல் நிற்கிற பூமி இது. 2022 நவம்பர் 11ஆம் தேதி பெய்த மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 24 மணி நேரத்தில் சீர்காழியில் 44 சென்டிமீட்டர் பதிவாயிற்று. சம்பாப் பயிர் மூழ்கியது, வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது, மின்சாரம் நின்றுபோயிற்று. அதற்கு நான்கு வருஷத்துக்கு முன்பு, 2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில், கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. அந்த ஒரே புயலில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் சாய்ந்தன. நமக்குத் தெற்கே உள்ள அநேக கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன.

வீட்டில் கரண்ட் போனால் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொள்ளலாம். பிரசவ வார்டில் அப்படி முடியாது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குச் சூடு கொடுக்கும் வார்மர், மூச்சுத் திணறும் பெரியவருக்கு ஆக்சிஜன் தரும் இயந்திரம், சளி உறிஞ்சும் இயந்திரம், 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய தடுப்பூசிப் பெட்டி ஆகிய இவை ஒவ்வொன்றும் கம்பியில் வரும் மின்சாரத்தை நம்பியே இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம், உலக வங்கி முதலிய அமைப்புகள் சேர்ந்து 2023 ஜனவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டன. ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமானத்தில் கீழ்நிலையில் உள்ள நாடுகளிலும், ஏறக்குறைய 100 கோடி மக்கள், மின்சாரமே இல்லாத அல்லது நம்பத்தகுந்த மின்சாரம் இல்லாத மருத்துவ நிலையங்களைச் சார்ந்திருக்கிறார்கள் என்று அதில் கண்டிருக்கிறது.

"ஜெனரேட்டர் இருக்கிறதே" என்று சிலர் சொல்லலாம். இருக்கிறது, நல்லது. ஆனால் சிறிய ஜெனரேட்டர் ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ மூன்று யூனிட் மின்சாரம் கொடுக்கும். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கும்போது ஒரு யூனிட்டுக்கு 30 ரூபாய் ஆகிறது. அதுவும் பங்க்குக்குப் போகும் சாலை தண்ணீருக்குள் கிடந்தால், பணம் இருந்தும் டீசல் வந்து சேராது.

ஆகவே சூரிய மின்சாரம் வேண்டும் என்பதில் நமக்குள் கருத்து வேற்றுமை இல்லை. ஒரு கிலோவாட் பேனல், நம் பகுதியில் நாள் ஒன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிட் கொடுக்கும். அதற்குச் சுமார் 100 சதுர அடி கூரை போதும். நல்ல பேனல் 25 ஆண்டுகள் உழைக்கும். வெயிலுக்கோ நம் ஊரில் பஞ்சமில்லை.

ஆனால் ஒன்றை நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். இப்பொழுது பெரும்பாலும் அமைக்கப்படுகிற கூரைச் சோலார், மின்வாரியக் கம்பியோடு இணைந்து ஓடும் வகை. இதில் பேட்டரி கிடையாது. கம்பியில் கரண்ட் நின்றுவிட்டால், நடுப்பகல் வெயிலிலும் இந்த சோலார் தானாகவே நின்றுவிடும். இது பழுதல்ல, பாதுகாப்புக்காகவே இப்படிச் செய்திருக்கிறார்கள். கம்பத்தில் ஏறி வேலை செய்கிற லைன்மேன், லைன் அணைந்திருக்கிறது என்று நம்பித் தொடும்போது, நம்முடைய கூரையிலிருந்து கரண்ட் போய் அவரைத் தாக்கிவிடக் கூடாதல்லவா?

இதன் பொருள் என்ன? இந்த வகை சோலார் மாதாந்திர மின்கட்டணத்தைக் குறைக்கும். அது பெரிய உதவிதான். ஆனால் 2022 நவம்பர் மாதத்தைப் போன்ற ஓர் இரவு வந்தால், அதனால் பிரசவ வார்டில் ஒரு விளக்கைக்கூட எரிய வைக்க முடியாது. கூரை முழுவதும் பேனல் இருந்தும் உள்ளே இருட்டாகவே இருக்கும். கன்னிகைகள் பத்துப்பேரின் உவமை நமக்குத் தெரிந்ததே. அந்தப் பத்துப்பேர் கையிலும் தீவட்டி இருந்தது. எண்ணெயை முன்கூட்டியே சேர்த்து வைத்தவர்கள் யார் என்பதில்தான் வித்தியாசம் இருந்தது. நம் காலத்தில் அந்த எண்ணெய்ப் பாத்திரம் பேட்டரியே.

எவ்வளவு பேட்டரி வேண்டும் என்று ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். முழு ஆஸ்பத்திரிக்கும் வேண்டாம், உயிர் காக்கும் அறைகளுக்கு மட்டும், ஓர் இரவு 12 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். 10 வாட் எல்.இ.டி. விளக்கு பத்து எரிந்தால் 1.2 யூனிட். 30 வாட் சிக்கன மின்விசிறி ஆறு ஓடினால் 2.2 யூனிட். 350 வாட் ஆக்சிஜன் இயந்திரம் ஒன்றுக்கு 4.2 யூனிட். தடுப்பூசிப் பெட்டிக்கு ஒரு யூனிட். வார்மர் நான்கு மணி நேரம் எரிந்தால் 2.4 யூனிட். ஆக மொத்தம் 11 யூனிட். வழியில் வீணாவதையும் சேர்த்து 15 யூனிட் பேட்டரி இருந்தால், அந்த இரவைப் பயமில்லாமல் கடக்கலாம். இதிலே ஏ.சி. சேரவில்லை, ஸ்டெரிலைசர் சேரவில்லை என்பதைக் கவனியுங்கள். அவற்றையும் சேர்த்தால் செலவு எங்கேயோ போய்விடும். எது உயிருக்கு அவசியம், எது வசதிக்கு என்று முதலில் பிரித்து, அவசியமானவற்றுக்குத் தனி லைன் இழுக்க வேண்டும்.

இப்பொழுது, பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு வருகிறேன்.

மத்திய அரசின் உதவியைப் பற்றிப் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. 2015 டிசம்பர் 30ஆம் தேதி மத்திய அமைச்சரவை கூரைச் சோலார் திட்டத்துக்கு 5,000 கோடி ரூபாய் ஒதுக்க இசைந்தது. அப்போது வீடுகளோடு, பள்ளிகள், மருத்துவமனைகள், முதியோர் இல்லங்கள், அறக்கட்டளைகள் போன்ற லாப நோக்கமற்ற நிறுவனங்களுக்கும் 30 சதவீத மானியம் உண்டு என்று இருந்தது. ஆனால் 2019 பிப்ரவரியில் இரண்டாம் கட்டத் திட்டம் வந்தபோது, மானியம் வீடுகளுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. 2024 பிப்ரவரி 13ஆம் தேதி தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம் 75,021 கோடி ரூபாய் திட்டம். ஒரு கோடி வீடுகள் என்பது அதன் குறிக்கோள், வீடு ஒன்றுக்கு 78,000 ரூபாய் வரை மத்திய மானியம். உங்கள் வீட்டுக்கு நீங்கள் தாராளமாக விண்ணப்பிக்கலாம். ஆனால் தொண்டு ஆஸ்பத்திரியின் கூரைக்கு அந்த மானியம் இல்லை.

இது நம் நாட்டில் மட்டும் நடந்ததல்ல. அமெரிக்காவில் சோலாருக்கு வரிச்சலுகை வெகுகாலமாக உண்டு. ஆனால் வரியே கட்டாத திருச்சபைக்கும் தொண்டு ஆஸ்பத்திரிக்கும் வரிச்சலுகையால் என்ன பயன்? அதனால் 2022ஆம் ஆண்டுச் சட்டத்தில், அந்தத் தொகையை இப்படிப்பட்ட நிறுவனங்களுக்கு ரொக்கமாகவே கொடுக்க வழி செய்தார்கள். அநேக சபைகள் உற்சாகமாய் முன்வந்தன. 2025ல் வேறொரு சட்டம் வந்து சோலார் சலுகைக்கான கெடுவைச் சுருக்கிவிட்டது. அரசாங்க உதவி வரும்போது நன்றியோடு பெற்றுக்கொள்ளலாம். அது எப்போதும் இருக்கும் என்று நம்பித் திட்டம் போடக் கூடாது.

அடுத்தது கம்பெனிகள். 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின்படி, 2014 ஏப்ரல் முதல், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் தங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமுதாயப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். மருத்துவமும் சுற்றுச்சூழலும் அந்தப் பட்டியலில் இருப்பதால், ஆஸ்பத்திரி சோலார் இரண்டு வகையிலும் பொருந்தும். இந்தப் பணத்தைப் பெற, நிறுவனம் மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தில் முன்பதிவு செய்திருக்க வேண்டும். இந்த விதி 2021 ஏப்ரல் முதல் இருக்கிறது. மருத்துவமனை நிர்வாகம் இதை முடித்து வைத்திருக்கிறதா என்று நீங்கள் கேட்கலாம்.

மூன்றாவது, வெளிநாட்டு உதவி. 2020ல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, ஒரு நிறுவனம் வெளிநாட்டிலிருந்து பெற்ற பணத்தை வேறொரு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. முன்பெல்லாம் பட்டணத்திலுள்ள ஒரு பெரிய சங்கம் பெற்று, கிராமத்துச் சிறு ஆஸ்பத்திரிகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தது. அந்த வழி அடைபட்டுப் போயிற்று. சிறு ஆஸ்பத்திரி தன் பெயரிலேயே பதிவு வைத்திருந்து, டெல்லியில் ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளையில் கணக்குத் திறந்து, நேரடியாகப் பெற வேண்டும். இந்தப் பதிவு இல்லாத இடங்களுக்கு உள்ளூர் ஆதரவாளர்களாகிய நீங்களே முக்கிய ஆதாரம்.

இன்னொரு வழியும் உண்டு. தனியார் கம்பெனி ஒன்று தன் பணத்தில் பேனல் வைத்து, நமக்கு யூனிட்டுக்கு இவ்வளவு என்று விற்கும். முதலீடு நமக்கு இல்லை. ஆனால் ஒப்பந்தம் பல ஆண்டுகளுக்கு நம்மைக் கட்டிப்போடும். இரவுக்கான பேட்டரி அதில் சேருமா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இத்தனை வழிகளிலும் பொதுவான ஒரு குணம் இருக்கிறது. யாவரும் வாங்குவதற்குக் கொடுக்க விரும்புகிறார்கள். பராமரிப்பதற்குக் கொடுக்க முன்வருகிறவர்கள் குறைவு. புதுப் பேனலைப் படம் பிடித்து ஆண்டறிக்கையில் போடலாம். எட்டாம் வருஷத்தில் மாற்றிய பேட்டரியை யார் படம் பிடிப்பார்கள்?

இந்தக் கஷ்டம் புதிதல்ல. நம்முடைய மாவட்டத்திலேயே முந்நூறு வருஷத்துக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்லுகிறேன். சீகன்பால்கு ஐயர் 1706ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். லண்டனிலிருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கத்தார் ஓர் அச்சு இயந்திரத்தை நன்கொடையாக அனுப்பினார்கள். அது 1712ல் வந்து சேர்ந்தது. மறு வருஷம் ஜெர்மனியிலுள்ள ஹாலே நகரத்திலிருந்து தமிழ் எழுத்துக்களும் வந்தன. நன்கொடை பூரணமாயிற்று என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அந்த எழுத்துக்கள் மிகப் பெரியவை. அவற்றால் அச்சடித்தால் காகிதம் மளமளவென்று தீர்ந்துபோயிற்று. கடல் கடந்து வரும் காகிதத்துக்காக மாதக்கணக்கில் காத்திருக்க முடியுமா? ஆகவே இங்கேயே சிறிய எழுத்துக்களை வார்த்தார்கள். அதற்கு, இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈயத்தை உருக்கினார்கள் என்று சரித்திரம் சொல்லுகிறது. அடுத்த சில ஆண்டுகளில் பொறையாற்றில் காகித ஆலையையும் ஏற்படுத்தினார்கள். இயந்திரம் தூரதேசத்து அன்பளிப்பு. அதை ஓட வைத்ததோ உள்ளூரில் செய்த ஏற்பாடு. தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715ல் அச்சாகி முடிந்தது இப்படித்தான்.

நம் காலத்திலும் இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. சத்தீஸ்கர் மாநிலத்தில், 2012 முதல் 2016 வரை, 570 ஆரம்ப சுகாதார நிலையங்களில் அரசின் எரிசக்தி முகமை பேட்டரியோடு கூடிய சிறிய சோலார் அமைத்தது. ஒவ்வொன்றும் இரண்டு கிலோவாட் அளவுதான். டெல்லியிலுள்ள ஓர் ஆராய்ச்சிக் குழு 2017ல் அவற்றைச் சோதித்துப் பார்த்தது. மின்தட்டுப்பாடு உள்ள, சோலார் இல்லாத நிலையங்களோடு ஒப்பிட்டால், சோலார் உள்ள நிலையங்களில் மாதம் ஏறத்தாழ இரண்டு மடங்கு பிரசவங்கள் நடந்தன என்று கண்டார்கள். யோசித்துப் பாருங்கள், இரவில் விளக்கு எரியும் என்ற நம்பிக்கை இருந்தால் தாய்மார் தேடி வருகிறார்கள், நர்சுமாரும் தயங்காமல் சேர்த்துக்கொள்ளுகிறார்கள். அந்த நம்பிக்கை ஒரு தடவை உடைந்துவிட்டால் மீண்டும் கட்டுவது கடினம்.

அப்படியானால் பராமரிப்புக்கு வழி என்ன? வழி அந்தக் கூரையிலேயே இருக்கிறது. மறுபடியும் ஒரு மாதிரிக் கணக்கு. பத்து கிலோவாட் பேனல் வருஷத்துக்கு ஏறத்தாழ 14,000 யூனிட் கொடுக்கும். முழுவதும் பகலிலேயே ஆஸ்பத்திரியில் செலவாகிறது, யூனிட்டுக்கு 8 ரூபாய் மிச்சம் என்று கொண்டால், வருஷத்துக்கு 1,12,000 ரூபாய் மின்கட்டணத்தில் குறைகிறது. பேட்டரி மாற்ற எட்டு ஆண்டுக்கு ஒருமுறை 3,00,000 ரூபாய் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், மாதம் 3,125 ரூபாய் எடுத்து வைத்தால் போதும். அதாவது மிச்சமாவதில் மூன்றில் ஒரு பங்கு. இதை ஆஸ்பத்திரியின் பொதுக் கணக்கில் கலந்துவிட்டால், மருந்துக்கும் சம்பளத்துக்கும் கரைந்துபோகும். கரைவதில் யாருடைய குற்றமும் இல்லை, அன்றாடத் தேவை அப்படி. ஆகவே முதல் மாதத்திலிருந்தே தனிக் கணக்காக வைத்து, வருஷத்துக்கு ஒருமுறை ஆதரவாளர்களுக்குக் காட்ட வேண்டும்.

ஆகவே உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். சோலாருக்கென்று உங்களிடம் காணிக்கை கேட்டு வரும்போது, அது எந்த நிறுவனமானாலும் சரி, கொடுக்கும் முன் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று, கம்பியில் கரண்ட் நின்றால் இது ஓடுமா, ஓடாதா? இரண்டு, எந்தெந்த அறைகளுக்கு, எத்தனை மணி நேரத்துக்கு? மூன்று, பேட்டரியும் இன்வெர்ட்டரும் எங்கே வைக்கப்படும்? சீர்காழியில் தரைத்தளத்தில் வைத்தால், முதல் வெள்ளத்திலேயே போய்விடும். மேல்மாடியில் காற்றோட்டமான அறை வேண்டும். பேனலைத் தாங்கும் சட்டம் கடற்காற்றில் துருப்பிடிக்காததாகவும், புயல் காற்றுக்குப் பெயராதபடி கூரையோடு பிணைந்ததாகவும் இருக்க வேண்டும். நான்கு, பழுதானால் யார் வருவார், எத்தனை நாளில் வருவார்? மயிலாடுதுறையிலோ சிதம்பரத்திலோ ஆள் இருந்தால் மறுநாளே வரலாம், வெளி மாநிலத்திலிருந்து வர வேண்டுமானால் வாரம் ஆகும். ஐந்து, பேட்டரி மாற்றுவதற்கான நிதி எந்தக் கணக்கில் சேருகிறது?

இந்தக் கேள்விகளைக் கேட்பதை அவிசுவாசமாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நல்ல உக்கிராணக்காரர் இவற்றை மகிழ்ச்சியோடு வரவேற்பார். பதில் ஆயத்தமாக இல்லாவிட்டால், அதை ஆயத்தம் செய்ய உங்கள் கேள்வியே உதவியாகும்.

இங்கே வந்திருக்கிற வாலிபரில் மின்சார வேலை தெரிந்தவர்களும், ஐ.டி.ஐ. படித்தவர்களும் இருக்கிறீர்கள். பேனலில் படியும் தூசியை மாதம் இருமுறை கழுவினாலே உற்பத்தி நன்றாய் நிற்கும். அறுவடை நாட்களில் பறக்கும் தூசியும் பதரும் நம் பகுதியில் கொஞ்சமல்ல. பருவமழைக்கு முன்பு, அதாவது செப்டம்பரில், ஒரு நாள் இரவு வேண்டுமென்றே மெயின் சுவிட்சை அணைத்து, பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட ஒரு நாள் உழைப்பும் காணிக்கைதான்.

பெரிய தொகை கொடுக்கக் கூடியவர்கள் பேனலுக்குக் கொடுங்கள். அது 25 வருஷம் நிற்கும். மாதம் நூறு, இருநூறு அனுப்புகிறவர்கள், "எங்கள் சிறு பணம் இதில் என்ன செய்யும்" என்று எண்ணாதீர்கள். மாதம் நூறு ரூபாய் தரும் முப்பத்திரண்டு பேர் சேர்ந்தால், நான் சொன்ன அந்த 3,125 ரூபாய் வந்துவிடுகிறது. இந்தக் கூட்டத்திலேயே அதைவிட அதிகம் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். மின்கட்டணத்தில் மிஞ்சியது முழுவதும் அப்போது ஏழை நோயாளிகளின் மருந்துக்குப் போகலாம். உங்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் வராது. அடுத்த நவம்பரில் மழை கொட்டும் ஓர் இரவில், வார்மரின் அடியில் ஒரு பச்சைக் குழந்தை சூடாய்த் தூங்கும்.

 கேள்விகள் இருந்தால் தேநீருக்குப் பின் உட்கார்ந்து பேசுவோம். பென்சிலும் காகிதமும் கொண்டு வாருங்கள். உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு எத்தனை யூனிட் வேண்டும் என்று சேர்ந்தே கணக்குப் போடலாம்.